கார்டு காட்டித் திறக்கும் கதவு: நெட்வொர்க் சிக்கல்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் அடுக்ககத்தின் மொட்டைமாடிக் கதவுக்கும் கீழ்த்தளத்துப் படிப்பறைக்கும் நானே ஒரு கார்டுப் பூட்டு செய்து மாட்டினேன். அதைப் பார்த்துவிட்டுத் தாங்களும் செய்துகொண்டவர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறார்கள். கூப்பிடும் நேரம் பெரும்பாலும் இரவு ஒன்பதுக்கு மேல். பின்னணியில் யாரோ கதவைத் தட்டும் சத்தம் கேட்கும். ஒரே சந்தேகத்தை ஏழெட்டுப் பேர் கேட்ட பிறகு, எழுதி வைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

இங்கே பேசப்படும் கருவிகள் பலரும் வாங்குபவைதான்: ஓர் இஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ள சிறிய கட்டுப்பாட்டுப் பலகை), ஆர்சி522 கார்டு ரீடர், ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), 12 வோல்ட் காந்தப் பூட்டு அல்லது சோலினாய்டு பூட்டு. வீட்டுக்குள் ஒரு ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி; இனி சுருக்கமாக பை. அதில் எம்க்யூடிடி (கருவிகள் சிறு செய்திகளைப் பரிமாறும் நெறிமுறை) செய்திகளை வாங்கிக் கொடுக்கும் மாஸ்கிட்டோ மென்பொருள். கார்டு காட்டப்பட்டதும் போர்டு செய்தி அனுப்பும், பை பட்டியலைப் பார்த்து "திற" என்று பதில் சொல்லும். உங்களுடையது சற்று வேறாக இருந்தாலும் கோளாறுகள் ஏறக்குறைய இவையேதான்.

"கார்டைக் காட்டினால் கதவு திறக்கவில்லை. நெட்வொர்க் போய்விட்டது என்று நினைக்கிறேன். எங்கிருந்து பார்ப்பது?"

நினைப்பதை விட்டுவிட்டு, ஒரு யூஎஸ்பி வயரையும் மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டு கதவருகே போங்கள். சீரியல் மானிட்டரை (போர்டு அச்சிடும் வரிகளை மடிக்கணினியில் காட்டும் திரை) திறந்து வைத்துக்கொண்டு கார்டைக் காட்டுங்கள். கார்டு எண் திரையில் வருகிறதா? வரவில்லையென்றால் கோளாறு ரீடரில். இந்தப் பக்கத்தை மூடிவிடலாம். வந்தால், போர்டுக்கு ஐபி முகவரி கிடைத்திருக்கிறதா, அடுத்து பை பதில் சொல்கிறதா என்று ஒவ்வொரு படியாக மேலே ஏறுங்கள். நடுப்படியில் தாவி ஏறுகிறவர்கள்தான் ஞாயிற்றுக்கிழமையைத் தொலைக்கிறார்கள்.

வைஃபை அறுந்தால் இஎஸ்பி32 அதற்கான காரணத்தை ஓர் எண்ணாகச் சொல்லும். உங்கள் நிரல் அதை அச்சிடவில்லையென்றால் முதல் வேலையாக அதைச் சேர்த்துவிடுங்கள். 201 என்றால் அந்தப் பெயரில் வைஃபையே கண்ணில் படவில்லை. 15 அல்லது 202 என்றால் பெரும்பாலும் கடவுச்சொல் தவறு. 200 என்றால் ரவுட்டரின் துடிப்பு கேட்காமல் போய்விட்டது, அதாவது சிக்னல் பலவீனம். இந்த நான்கு எண்களை ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று: யூஎஸ்பி வயரைச் செருகியதும் எல்லாம் ஒழுங்காக வேலை செய்து, பிடுங்கியதும் மறுபடி கெட்டுப்போனால் மகிழ்ச்சி அடையுங்கள். துப்பு கிடைத்துவிட்டது. மடிக்கணினி நல்ல மின்சாரம் கொடுத்தது, உங்கள் அடாப்டர் கொடுக்கவில்லை.

"செல்போனில் வைஃபை முழுதாகக் காட்டுகிறது. அதே இடத்தில் போர்டுக்கு மட்டும் 201 வருகிறதே?"

உங்கள் போன் பிடித்திருப்பது 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையாக இருக்கும். இஎஸ்பி32, அதற்கு முந்தைய இஎஸ்பி8266 இரண்டுக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும். புதிய ரவுட்டர்கள் இரண்டுக்கும் ஒரே பெயரை வைத்து, எந்தக் கருவி எதில் சேரவேண்டும் என்று தாங்களே தீர்மானிக்கின்றன. ரவுட்டர் அமைப்புக்குள் போய் 2.4-க்குத் தனிப்பெயர் கொடுங்கள். சேனலைத் தானியங்கியில் விடாமல் 1, 6, 11 இவற்றில் நெரிசல் குறைந்த ஒன்றில் நிறுத்துங்கள். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 என்று மட்டும் இருந்தால் டபிள்யூபிஏ2-க்கு மாற்றிப் பாருங்கள்.

பெயரை எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள். நண்பர் ஒருவரின் வைஃபை பெயருக்குப் பின்னால் ஓர் இடைவெளி இருந்தது. போனில் அது தெரியாது. போர்டுக்கோ அது வேறு பெயர்.

"வைஃபை இணைகிறது. ஆனால் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் அறுந்துவிடுகிறது. ரவுட்டரை மாற்றவேண்டுமா?"

ரவுட்டரைத் தொடாதீர்கள். நெட்வொர்க் கோளாறு என்று என்னிடம் வருபவற்றில் அதிகம் இதுதான். இது நெட்வொர்க் கோளாறே அல்ல. வைஃபையில் அனுப்பும் கணங்களில் இஎஸ்பி32 சுமார் 240 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். அதற்கு 500 மில்லிஆம்பியராவது தரக்கூடிய மின்வழங்கி வேண்டும் என்பது தயாரிப்பாளரின் பரிந்துரை. ரிலேயின் சுருள் தன் பங்குக்கு 70, 80 இழுக்கும். காந்தப் பூட்டு சுமார் அரை ஆம்பியர். சோலினாய்டு அதைவிட அதிகமாகவே கேட்கும். எல்லாவற்றையும் "12 வோல்ட் 1 ஆம்பியர்" என்று அட்டையில் மட்டும் எழுதியிருக்கும் ஓர் அடாப்டரில் கோத்தால், பூட்டு இழுக்கும் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து போர்டு மறுதொடக்கம் ஆகும். சீரியல் மானிட்டரில் "பிரவுன்அவுட் டிடெக்டர்" என்று, அதாவது மின்னழுத்தம் சரிந்தது என்று, ஒரு வரி வந்தால் சந்தேகமே வேண்டாம்.

இரண்டாவது காரணம் இதைவிடக் குறும்பானது. பூட்டு ஒரு கம்பிச்சுருள். மின்சாரத்தை வெட்டியதும் அது எதிர்த்திசையில் ஓர் அழுத்தத்தைத் துப்பும். அந்தச் சவுக்கடி வயர் வழியாக வந்து போர்டைக் குழப்பும். பூட்டின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு 1என்4007 டையோடு போடுங்கள். வெள்ளிக்கோடு உள்ள முனை பாசிட்டிவ் பக்கம். மாற்றிப் போட்டால் அடாப்டருக்கு ஷார்ட் ஆகும், கவனம். டையோடு இருப்பதால் காந்தப் பூட்டு விடுபடுவது கண்ணிமைக்கும் நேரம் தாமதமாகலாம். அதனால் தொல்லை ஒன்றுமில்லை.

பூட்டுக்கு ஒரு மின்வழங்கி, போர்டுக்கு ஒன்று என்று பிரித்துவிடுவது என் வழக்கம். பிரிக்க முடியாதவர்கள் 2 அல்லது 3 ஆம்பியர் அடாப்டர் வாங்கி, போர்டுக்கு 5 வோல்ட்டாகக் குறைக்கும் பக் மாட்யூல் போட்டு, போர்டின் அருகே 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றையும் வையுங்கள். அதற்குப் பிறகும் அறுந்தால் ரவுட்டரைப் பற்றிப் பேசலாம்.

"மேசையில் இரண்டு வாரம் ஒழுங்காக ஓடியது. கதவில் மாட்டிய அன்றே 200 என்ற எண் வந்துகொண்டேயிருக்கிறது."

கதவு இரும்பா? பெட்டி இரும்பா? போர்டின் ஓரத்தில் வளைந்து வளைந்து ஓடும் செப்புக்கோடுதான் ஆன்டெனா. அதை இரும்புக்கு முதுகு ஒட்ட வைத்தால் வாயைப் பொத்திவிட்டுப் பேசச் சொல்வது போல. பிளாஸ்டிக் பெட்டிக்கு மாறுங்கள், ஆன்டெனா உள்ள முனை பெட்டிக்கு வெளிப்புறம் பார்க்கட்டும். ரீடரையும் போர்டையும் அடுக்கி வைக்காதீர்கள்.

சிக்னலை ஊகிக்காமல் அளந்துவிடுங்கள். போர்டு சொல்லும் டிபிஎம் எண் (சிக்னல் வலிமையின் அளவு) மைனஸ் 50 என்றால் அருமை, மைனஸ் 67 வரை நிம்மதி, மைனஸ் 75-ஐத் தாண்டினால் அவ்வப்போது அறும். கதவு மூடியிருக்கும்போது ஒருமுறை, திறந்திருக்கும்போது ஒருமுறை அளக்க வேண்டும். எங்கள் மாடிக் கதவில் இரண்டுக்கும் நடுவே 9 டெசிபெல் வித்தியாசம் இருந்தது. திறந்து வைத்துச் சோதித்துவிட்டு எல்லாம் சரி என்று கீழே இறங்கியவன் நான்தான்.

"பிங் அடித்தால் ஒருமுறை 5 மில்லிவினாடி, ஒருமுறை 300. சிக்னல் நன்றாகத்தான் இருக்கிறது."

பிங் என்பது ஒரு கருவியைக் கூப்பிட்டு, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது. இஎஸ்பி32 மின்சாரம் மிச்சப்படுத்த வைஃபையை நடுநடுவே தூங்க வைக்கிறது. அது இயல்பிலேயே அப்படித்தான் அமைந்திருக்கிறது. பேட்டரியில் ஓடும் கருவிக்கு அது நல்லது, கதவுக்குத் தேவையில்லை. நிரலில் வைஃபை தூக்கத்தை அணைக்கும் ஒரே ஒரு வரியைச் சேர்த்தால் போதும்.

"மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்தால் போர்டு இணையவே மாட்டேன் என்கிறது. ஒருமுறை அணைத்துப் போட்டால் உடனே சரியாகிறது."

கரண்ட் வந்த இரண்டே வினாடியில் போர்டு விழித்துக்கொள்ளும். ரவுட்டர் எழுந்து பல் துலக்கி முடிக்க ஒன்றரை, இரண்டு நிமிடம் ஆகும். போர்டு பத்து முறை தேடிப் பார்த்துவிட்டு "வைஃபை இல்லை" என்று முடிவுகட்டி உட்கார்ந்துவிடுகிறது. தொடக்கத்தில் ஒருமுறை மட்டும் இணைய முயலும் நிரல்கள் எல்லாவற்றுக்கும் இந்த நோய் உண்டு. இணைப்பு இருக்கிறதா என்று சில வினாடிகளுக்கு ஒருமுறை பார்த்து, இல்லையென்றால் மறுபடி முயலும் பகுதி நிரலின் முதன்மைச் சுழற்சிக்குள் இருக்கவேண்டும்.

அதைச் சேர்க்கும்போது எதிர்ப்பக்கத்துக் குழியிலும் விழுந்துவிடாதீர்கள். எடுத்துக்காட்டு நிரல்கள் பலவற்றில் "இணையும்வரை இங்கேயே நில், 5 வினாடிக்கு ஒருமுறை முயற்சி செய்" என்று ஒரு சுழற்சி இருக்கும். பை அணைந்திருந்தால் நிரல் அங்கேயே சிக்கிக்கொள்ளும், கார்டை யாரும் படிக்கமாட்டார்கள், வெளியேறும் பொத்தானும் செத்துக்கிடக்கும். போர்டில் எம்க்யூடிடிக்காகப் பரவலாகப் பயன்படும் பப்சப்கிளையண்ட் என்ற நிரல் நூலகமே ஒரு முயற்சிக்கு 15 வினாடி வரை காத்திருக்கும். இஎஸ்பி32-இல் இரண்டு மையக் கருக்கள் இருக்கின்றன. நெட்வொர்க் வேலையைத் தனிப் பணியாகப் பிரித்து, கார்டு படிக்கும் பணியிலிருந்து விலக்கி வைத்தால் இந்தத் தொல்லை அடியோடு தீரும். ரவுட்டருக்கும் பைக்கும் ஒரு சிறிய யூபிஎஸ் வாங்குவது தனிப் புண்ணியம்.

"நேற்று வரை வேலை செய்த ஐபி முகவரியில் இன்று யாருமே இல்லை."

ரவுட்டர் முகவரிகளை வாடகைக்குத்தான் கொடுக்கிறது. காலம் முடிந்தாலோ மறுதொடக்கம் ஆனாலோ வேறொன்று தரக்கூடும். போர்டுக்குள்ளேயே ஒரு நிலையான முகவரியை எழுதி வைப்பதைவிட, ரவுட்டரில் அந்த போர்டின் மேக் முகவரிக்கு (ஒவ்வொரு நெட்வொர்க் கருவிக்கும் உள்ள தனி அடையாள எண்) ஓர் ஐபியை ஒதுக்கி வைப்பது நல்லது. முன்னதைச் செய்தால், அதே முகவரியை ரவுட்டர் விருந்தினர் யாருடைய போனுக்காவது கொடுத்துவிட்டு இருவரையும் மோதவிடும். பைக்கும் மறக்காமல் ஒதுக்குங்கள். அதுதான் அதிகம் மாறக்கூடாதது.

169.254 என்று தொடங்கும் முகவரி மடிக்கணினியிலோ பையிலோ தெரிந்தால், ரவுட்டரிடமிருந்து பதிலே வரவில்லை என்று பொருள். வயர், சுவிட்ச், ரவுட்டர் என்ற வரிசையில் பாருங்கள்.

"இணைய நிறுவனத்தார் வந்து ரவுட்டரை மாற்றிவிட்டுப் போனார்கள். இப்போது மூன்று கதவுகளையும் கழற்றவேண்டுமா?"

வேண்டாம். புதிய ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்குப் பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையுமே வையுங்கள். பையின் முகவரி பழைய வரிசையில், அதாவது 192.168.0 அல்லது 192.168.1 என்று எது இருந்ததோ அதிலேயே அமையும்படி செய்யுங்கள். கதவுகளுக்கு மாற்றம் நடந்ததே தெரியாது. விருந்தினர் வைஃபையில் கதவை இணைத்திருந்தால் மட்டும் சிக்கல்: அதில் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி ரவுட்டர் சுவர் எழுப்பியிருக்கும். போர்டுக்கு ஐபி கிடைக்கும், இணையம் வரும், பை மட்டும் எட்டாது.

"பைக்கு பிங் போகிறது. பைக்குள்ளேயே சோதித்தால் மாஸ்கிட்டோவும் வேலை செய்கிறது. கதவிலிருந்து மட்டும் இணைப்பு மறுக்கப்படுகிறது."

மாஸ்கிட்டோவின் 2.0 பதிப்பு 2020 டிசம்பரில் வந்தது. அதிலிருந்து, நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அது தான் ஓடும் கணினிக்குள்ளிருந்து வரும் இணைப்புகளை மட்டுமே ஏற்கும். பழைய செய்முறைகளைப் பார்த்துச் செய்கிறவர்கள் எல்லோரும் இங்கே தலையை முட்டிக்கொள்வார்கள். அமைப்புக் கோப்பில் 1883 எண் போர்ட்டில் (எம்க்யூடிடியின் வழக்கமான வாசல் எண்) வெளியிணைப்புகளையும் கேட்கச் சொல்லி ஒரு வரி சேர்க்கவேண்டும்.

அதோடு பெயரில்லாதவர்களையும் அனுமதி என்று இன்னொரு வரி சேர்க்கச் சொல்லிப் பலர் அறிவுரை தருவார்கள். கேட்காதீர்கள். அதைச் சேர்த்தால் உங்கள் வைஃபையில் இருக்கும் எவரும் "திற" என்று ஒரு செய்தி அனுப்பிக் கதவைத் திறக்கலாம். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உருவாக்க ஐந்து நிமிடம் ஆகும்.

"முதல் கதவு ஆறு மாதமாக நன்றாக ஓடியது. இரண்டாவது கதவைப் போட்டதும் இரண்டும் மாறி மாறி அறுந்து அறுந்து இணைகின்றன."

முதல் கதவின் நிரலை அப்படியே இரண்டாவதில் ஏற்றியிருப்பீர்கள். எம்க்யூடிடியில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் அடையாளப் பெயர் உண்டு. ஒரே பெயரில் இரண்டாவதாக ஒருவர் வந்தால் முதலில் வந்தவரை வெளியே தள்ளவேண்டும் என்பது அந்த நெறிமுறையின் விதி. தள்ளப்பட்டவர் உடனே திரும்ப இணைவார், அப்போது மற்றவர் தள்ளப்படுவார். இசை நாற்காலிதான். ஆங்கிலத்தில் இந்த இடைத்தரகு மென்பொருளை புரோக்கர் என்கிறார்கள்; வீட்டுத் தரகரைப் போலவே இவரிடமும் ஒரே பெயரில் இருவர் வந்தால் குழப்பம்தான். அடையாளப் பெயரோடு மேக் முகவரியின் கடைசி எண்களைச் சேர்த்துவிட்டால் எத்தனை கதவு போட்டாலும் ஒரே நிரல் போதும்.

"நள்ளிரவில் யாரும் தொடாமலே கதவு திறந்துகொண்டது. யாராவது உள்ளே புகுந்துவிட்டார்களா?"

புகுந்திருக்கலாம், கடவுச்சொற்களை மாற்றிவிடுங்கள். ஆனால் இந்தக் கேள்வியோடு வந்தவர்களில் பலருக்கும் குற்றவாளி அவர்களே எழுதிய நிரல்தான். எம்க்யூடிடியில் ஒரு செய்தியை "தக்கவை" என்ற குறியோடு அனுப்பலாம். அப்படி அனுப்பியதை மாஸ்கிட்டோ பத்திரமாக வைத்திருந்து, புதிதாக இணையும் ஒவ்வொருவருக்கும் கொடுக்கும். வெப்பநிலை போன்றவற்றுக்கு அது வசதி. "திற" என்ற கட்டளையை அப்படி அனுப்பியிருந்தால், வைஃபை அறுந்து மீண்டும் இணையும்போதெல்லாம் கதவுக்கு "திற" என்று கட்டளை வரும். இரவு இரண்டு மணிக்கு ரவுட்டர் தன்னைத் தானே மறுதொடக்கம் செய்துகொண்டால், இரண்டு மணிக்குக் கதவு திறக்கும்.

அதே தலைப்பில் தக்கவை குறியோடு ஒரு வெற்றுச் செய்தியை அனுப்பினால் தக்கவைத்தது அழிந்துவிடும். இதன் தங்கை ஒருத்தி இருக்கிறாள்: கருவி இல்லாத நேரத்தில் வந்த செய்திகளை வரிசையில் சேர்த்து வைக்கும் வசதி. மாலை ஆறு மணிக்கு நெட் இல்லாதபோது நீங்கள் பொறுமையிழந்து நான்கு முறை அழுத்திய பொத்தான், எட்டு மணிக்கு நான்கு முறை கதவைத் திறக்கும். கட்டளைக்குள் நேரத்தையும் சேர்த்து அனுப்பி, பத்து வினாடிக்கு மேல் பழையதென்றால் போர்டு அதைத் தூக்கியெறியும்படி எழுதுங்கள். நான் அப்படித்தான் செய்திருக்கிறேன்.

"கார்டுப் பட்டியலை பையிலிருந்து அனுப்பினால் போர்டுக்கு வரவேயில்லை. ஐந்து கார்டு இருந்தபோது வந்தது, இருபது ஆனதும் நின்றுவிட்டது."

பப்சப்கிளையண்ட் நூலகம் 256 பைட் அளவுள்ள செய்தியைத்தான் வாங்கும். பெரிதாக வந்தால் பிழை எதுவும் சொல்லாமல் விழுங்கிவிடும். ஒரு முனகல் கூட இருக்காது. செய்தியை வாங்கி வைக்கும் அதன் இடையகத்தின் அளவைக் கூட்ட ஒரு வரி இருக்கிறது, அல்லது பட்டியலைக் கார்டுக்கு ஒரு செய்தியாக அனுப்பலாம். நான் இரண்டாவதைத்தான் விரும்புகிறேன்: ஒரு கார்டை நீக்க முழுப் பட்டியலையும் அனுப்ப வேண்டியதில்லை.

"பாதுகாப்பாக இருக்கட்டும் என்று 8883 போர்ட்டில் (எம்க்யூடிடி செய்திகளை மறையாக்கி அனுப்பும் வாசல்) சான்றிதழோடு அமைத்தேன். சில நாள் இணைகிறது, சில நாள் சான்றிதழ் செல்லாது என்கிறது."

போர்டுக்குள் கடிகாரம் கிடையாது. கரண்ட் வந்து விழிக்கும்போது அதன் கணக்கில் இன்றைய தேதி 1970 ஜனவரி 1. அந்தத் தேதியில் உங்கள் சான்றிதழ் இன்னும் பிறக்கவேயில்லை, அதனால் ஏற்கமறுக்கிறது. முதலில் என்டிபி (நெட்வொர்க் வழியாகச் சரியான நேரம் தரும் சேவை) வழியாக நேரத்தை வாங்கி, அது வந்துவிட்டதா என்று உறுதிசெய்த பிறகே இணையவேண்டும். நேரம் வருவது யுடிபி 123-ஆம் போர்ட்டில். சில அலுவலக நெட்வொர்க்குகளில் அதை அடைத்து வைத்திருப்பார்கள். இந்திய, இலங்கை நேரத்துக்கு 19,800 வினாடி கூட்டவேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். ஆனால் அது திரையில் காட்டுவதற்கு மட்டும். சான்றிதழைச் சரிபார்ப்பது உலகப் பொதுநேரத்தில். இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள் உண்டு.

சான்றிதழின் கைரேகையை (அதை அடையாளம் காட்டும் சுருக்க எண்) நிரலுக்குள் எழுதி வைத்திருந்தால், லெட்ஸ் என்கிரிப்ட் போன்றவற்றின் 90 நாள் சான்றிதழ் புதுப்பிக்கப்படும் அன்று கதவு நின்றுவிடும். அதற்குப் பதில், மற்றச் சான்றிதழ்களுக்கு உறுதி சொல்லும் மூலச் சான்றிதழை வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் நிரந்தரமல்ல: 2021 செப்டம்பர் 30 அன்று ஒரு பழைய மூலச் சான்றிதழ் காலாவதியாகி, உலகெங்கும் புதுப்பிக்கப்படாத சிறு கருவிகள் பல ஊமையாகிப் போயின. எல்லாமே வீட்டுக்குள்தான் என்றால், பையிலேயே நீண்டகாலச் சான்றிதழ் ஒன்றை நீங்களே உருவாக்கிக்கொள்வது எளிது.

"சுமார் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை கதவு இணைப்பை இழந்து அப்படியே கிடக்கிறது. வேறு எந்தப் பொருத்தமும் தெரியவில்லை."

நாட்களை எண்ணிப் பாருங்கள். 49 நாளும் 17 மணி நேரமும் என்றால் விடை கிடைத்துவிட்டது. ஆர்டுயினோ நிரல்கள் மில்லிவினாடிகளை எண்ணும் பெட்டி 32 பிட் அளவுள்ளது, 49.7 நாளில் நிரம்பி மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். "அடுத்த முயற்சி இந்த நேரத்தில்" என்று எழுதி வைத்து, இப்போதைய எண் அதைத் தாண்டிவிட்டதா என்று ஒப்பிட்டால், திரும்பிய பிறகு அந்த நேரம் வரவே வராது. இப்போதைய எண்ணிலிருந்து கடைசி முயற்சியின் எண்ணைக் கழித்து, வித்தியாசம் எவ்வளவு என்று ஒப்பிடுங்கள். எண் திரும்பினாலும் கழித்தல் சரியாகவே வரும்.

"இவ்வளவு தொல்லைக்கு வயரே இழுத்துவிடலாமே?"

இழுக்க முடிந்தால் இழுங்கள், நான் தடுக்கமாட்டேன். டபிள்யூ5500 ஈத்தர்நெட் மாட்யூல் நன்றாகவே உழைக்கிறது. ஆனால் அதுவும் ஆர்சி522 ரீடரும் ஒரே எஸ்பிஐ தடத்தை (போர்டோடு பேசும் பொதுவான வயர்கள்) பகிர்ந்துகொள்ளும். யார் பேசலாம் என்று தீர்மானிக்கும் இரண்டின் தேர்வு முனைகளையும் நிரலின் தொடக்கத்திலேயே உயர்நிலையில் வைக்காவிட்டால், ஒன்று பேசும்போது மற்றதும் வாய் திறக்கும். இன்னொரு பொறி: இந்த மாட்யூலுக்கு மேக் முகவரியை நிரல்தான் கொடுக்கிறது. நிரலை நகலெடுத்து இரண்டு கதவில் ஏற்றினால், இரண்டாவது கதவு பற்றிச் சொன்ன அதே இசை நாற்காலி ஒரு படி கீழே, இன்னும் மோசமாக நடக்கும்.

அதே வயரில் மிச்சமிருக்கும் ஜோடிகள் வழியாக 12 வோல்ட்டையும் அனுப்பலாமா என்று கேட்பார்கள். போவதற்கு ஒரு ஜோடி, வருவதற்கு ஒரு ஜோடி என்று 30 மீட்டர் இழுத்து அரை ஆம்பியர் எடுத்தால், நல்ல செப்பு வயரிலேயே சுமார் 1.4 வோல்ட் வழியில் கரைந்துவிடும். கடையில் மலிவாகக் கிடைப்பது பல நேரம் செப்பு முலாம் பூசிய அலுமினியம். அதில் இழப்பு இன்னும் கூடும். பூட்டின் மின்வழங்கியைக் கதவுக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

"வெளியூரிலிருந்து போனில் திறக்கவேண்டும். ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை வீட்டுக்குள் உள்ள ஒரு கருவிக்குத் திருப்பிவிடுவது) செய்தும் வேலை செய்யவில்லை."

வேலை செய்யாததே உங்கள் நல்ல நேரம். ரவுட்டரின் வெளிமுகவரியைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்ணில் தொடங்கினால், உங்கள் இணைய நிறுவனம் பல வீடுகளை ஒரே பொதுமுகவரிக்குப் பின்னால் அடுக்கி வைத்திருக்கிறது. வெளியிலிருந்து யாரும் உங்கள் ரவுட்டர் வரை வரவே முடியாது. ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் பயனில்லை.

பொதுமுகவரி இருந்தாலும் 1883-ஐ உலகுக்குத் திறந்து வைக்காதீர்கள். திறந்த போர்ட்டுகளை இயந்திரங்கள் இரவு பகலாகத் தட்டிப் பார்த்துக்கொண்டேயிருக்கின்றன. பையில் வயர்கார்டு போன்ற ஒரு விபிஎன் (வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்கு மறையாக்கப்பட்ட தனிப்பாதை) அமைத்து, போன் அதன் வழியாக வீட்டுக்குள் வரட்டும். மேலே சொன்ன அடுக்கு முகவரி உள்ளவர்கள் வெளியே ஒரு சிறிய வாடகை சர்வர் வைத்து, பை அதை நோக்கி வெளியே இணையும்படி செய்யவேண்டும். அவசியம் திறக்கவேண்டுமா என்று ஒருமுறை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நான் அமைத்தேன், நான்கு முறைகூடப் பயன்படுத்தவில்லை.

"நெட் இல்லாதபோது கதவு திறக்கவேண்டுமா, திறக்கக்கூடாதா? இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்."

திறக்கவேண்டும். பையைக் கேட்டுத்தான் திறப்பேன் என்று வடிவமைத்ததுதான் நான் செய்த முதல் பெரிய தவறு. இதுவரை சொன்ன கோளாறுகளில் பாதி, கதவு நெட்வொர்க்கை நம்பியிருப்பதால் மட்டுமே கோளாறுகள். கார்டுப் பட்டியலை போர்டின் ஃபிளாஷ் நினைவகத்திலேயே வைத்துக்கொண்டு, முடிவை அங்கேயே எடுக்கட்டும். பை புதிய பட்டியலைக் கொடுக்கவும், யார் எப்போது வந்தார் என்ற பதிவை வாங்கவும் மட்டும் இருக்கட்டும். நெட் இல்லாத நேரத்துப் பதிவுகளை போர்டு சேர்த்து வைத்துப் பிறகு அனுப்பும். இப்படி மாற்றிய பிறகு மின்வெட்டு, ரவுட்டர், சான்றிதழ் எதற்கும் யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

எதிர்வாதமும் நியாயமானதே: தொலைந்துபோன கார்டை நீக்கியபோது கதவு தொடர்பில் இல்லையென்றால், அந்தக் கார்டு இன்னும் திறக்கும். அதனால் பட்டியலுக்கு ஒரு வரிசை எண் கொடுத்து, எந்தக் கதவு எந்த எண்ணில் நிற்கிறது என்று பை காட்டும்படி செய்திருக்கிறேன். பின்தங்கிய கதவு சிவப்பாகத் தெரியும். நகைக்கடைக்கு இது போதாது, படிப்பறைக்குப் போதும். அதோடு ஆர்சி522-இல் வெறும் கார்டு எண்ணை மட்டும் சரிபார்ப்பவர்களுக்கு நெட்வொர்க்கைவிடப் பெரிய ஓட்டை வேறெங்கோ இருக்கிறது: அந்த எண்ணை நகலெடுக்கும் வெற்றுக் கார்டுகள் மலிவாகவே கிடைக்கின்றன.

"எல்லாம் ஒரே நேரத்தில் கெட்டுப்போனால், உள்ளே இருப்பவர் வெளியே வருவது எப்படி?"

இதை மாட்டுவதற்கு முன்பே கேட்டிருக்கவேண்டும். காந்தப் பூட்டென்றால் வெளியேறும் பொத்தானை போர்டுக்குள் கொண்டுபோகாதீர்கள். பூட்டுக்குப் போகும் 12 வோல்ட் வயரையே அது நேராகத் துண்டிக்கட்டும். நிரல் உறைந்துபோனாலும் ரிலே ஒட்டிக்கொண்டாலும் கதவு விடும். பூட்டை யூபிஎஸ்ஸில் வைத்திருந்தால் இது இன்னும் கட்டாயம், ஏனென்றால் மின்வெட்டு வந்தாலும் காந்தம் விடாது. சோலினாய்டு வகை நேர்மாறு: மின்சாரம் போனால் பூட்டியே நிற்கும், ஆகவே உள்பக்கம் கையால் திருப்பும் பிடி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

பொத்தானை மாட்டிய பிறகு போர்டின் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, கதவைச் சாத்தி, உள்ளேயிருந்து அழுத்திப் பாருங்கள். வெளியே சாவியோடு ஒருவரை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். நான் நிறுத்தவில்லை, மொட்டைமாடியில் சித்திரை மாதத்து மதியம் ஒன்றரை மணி நேரம் நின்றேன்.